சிறார் பந்தாட்டமும் நடுவர் அறமும்

நீதி என்ற சொல்லைக் கேட்டவுடன் நீதிமன்றமும், கறுப்பு அங்கியும், தடித்த சட்டப் புத்தகங்களுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் ஒரு மனிதன் தன் வாழ்நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் நீதிபதி அங்கே இருப்பவர் அல்லர். வீட்டில் தாய் தந்தையர் தீர்ப்புச் சொல்கின்றனர், அவர்கள் நம்மவர். பள்ளியில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்கின்றார், அவர் கற்பிப்பவர். இரண்டு பக்கத்தார் எதிரெதிரே நிற்க, இருவருக்கும் பொதுவாய் நடுவே நின்று தீர்ப்புரைக்கும் ஒருவரைக் குழந்தை எங்கே காண்கிறது? பெரும்பாலும் விளையாட்டுத் திடலில்தான் காண்கிறது. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நிற்கும் பந்தாட்ட நடுவரே பல குழந்தைகளுக்கு முதல் நீதிபதி.

அவரிடம் குழந்தை எதைக் காண்கிறதோ, அதுவே நீதி என்று நெடுநாள் எண்ணியிருக்கும். அவர் கடுமையானவராயின் நீதி என்பது அச்சம் என்று எண்ணும். அவர் முகம் பார்ப்பவராயின் நீதி என்பது செல்வாக்கு என்று எண்ணும். ஆதலின், சிறார் ஆட்டத்திற்கு நடுவராய் நிற்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. அறம் பற்றிய வினாவுமாகும். விதியை விதியாகவே நடத்துவது நீதியா, குழந்தையின் நிலையறிந்து தளர்த்துவது நீதியா என்பதே அவ்வினா. அதனை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோர ஊர்களில், மாலை வேளையில் சிறுவர் ஆடும் ஆட்டங்களிலிருந்து எழுந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனை ஒட்டிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் பாறசாலை, அப்பால் களியக்காவிளை. இரண்டு பக்கத்திலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. கடற்கரையில் பொழியூரும் அதனையடுத்து நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் ஆகிய ஊர்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஆட்சி இரண்டாயினும் ஆட்டம் ஒன்றே, அது பந்தாட்டம்.

பொழியூர், சந்தோஷ் கோப்பைப் போட்டிக்கு ஆட்டக்காரர் பலரைத் தந்த ஊர் என்பதை அப்பகுதியார் அனைவரும் அறிவர். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணியிலேயே இடம் பெற்றார். மீன்பிடித் தொழிலையே நம்பி வாழும் குடும்பங்களுக்குப் பந்து வெறும் பொழுதுபோக்கன்று. கேரளப் போலீஸ், மின்சார வாரியம், ரயில்வே முதலிய அணிகளில் இடம் கிடைத்தால் அது நிலையான உத்தியோகம். கடலுக்குப் போகாமலே ஒரு குடும்பம் உண்ணலாம். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்கடற்கரையிலிருந்து சென்ற மீனவர் பலரைக் கொண்டுபோனபின், அந்த ஆசை இன்னும் ஆழமாய் வேரூன்றியிருத்தல் இயல்பே. ஆகவே, ஏழு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தும் தந்தையைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. அவர் அந்தச் சின்னஞ்சிறு கால்களில் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே காண்கிறார்.

நாம் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாலை நடுவராய் நின்றோம். எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள்; பக்கத்திற்கு ஐவர். கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு கைகளாலும் எறிந்து உள்ளே இடுவதை 'த்ரோ' என்பர். எறிபவர் திடலை நோக்கி நிற்க வேண்டும். இரு பாதங்களும் கோட்டின் மீதோ கோட்டுக்கு வெளியிலோ தரையில் பதிந்திருக்க வேண்டும். பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக இரு கைகளாலும் வர வேண்டும். ஒரு சிறுவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எறிந்தான். விசில் ஊதினோம், பந்தை எதிர்ப்பக்கத்திற்குக் கொடுத்தோம். மறுமுறையும் அவ்வாறே எறிந்தான், மறுமுறையும் ஊதினோம். மூன்றாம் முறையும் அப்படியே. விதி நம் பக்கம் இருந்தது. நம் தீர்ப்பில் எள்ளளவும் பிழையில்லை. நான்காம் முறை பந்து வெளியே போனபோது அச்சிறுவன் அதைத் தொடாமல் வேறொருவனிடம் உருட்டிவிட்டுத் தென்னைமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. வழியில் அவனுடைய பாட்டியைக் கண்டு விசாரித்தோம். "அவனுக்குக் களிக்கத் தெரியாதுண்ணு நீங்க சொன்னியளாமே, மக்களே" என்றார் அந்த அம்மையார். நாம் திகைத்தோம். அப்படி ஒரு சொல்லை நாம் சொல்லவே இல்லையே! சிந்தித்துப் பார்த்தபோது உண்மை விளங்கியது. நம் வாய் சொல்லவில்லை. நம் விசில் சொல்லிற்று. மூன்று முறை சொல்லிற்று. எப்படி எறிய வேண்டும் என்பதை மட்டும் ஒருமுறையும் சொல்லவில்லை.

நாம் செய்தது நீதியா? விதிநூலின்படி நீதியே. ஆனால் விதிநூல் யாருக்காக, எந்த ஆட்டத்திற்காக எழுதப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டாமா? உலகெங்கும் ஆடப்படும் பந்தாட்டத்திற்கு விதி வகுப்பது 1886இல் தோன்றிய ஒரு சர்வதேசச் சபை. அதன் நூலில் உள்ள விதிகள் பதினேழு. எல்லா நிலைமைகளையும் விதிகளால் முன்கூட்டியே எண்ணிவிட முடியாது என்றும், விதி பேசாத இடத்தில் நடுவர் ஆட்டத்தின் உட்கருத்தை நோக்கித் தீர்ப்பளிக்க வேண்டும் என்றும் அந்த நூலே ஏற்றுக்கொள்கிறது. சிறுவர், முதியோர், உடற்குறையுடையோர் ஆகியோருக்காகத் திடலின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளவும் அது இடந்தருகிறது. பழகிய நடுவர்கள் பதினெட்டாம் விதி ஒன்று உண்டு என்பர். அது எந்த ஏட்டிலும் இல்லை. பொது அறிவு என்பதே அதன் பெயர்.

நடுவரின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. தொடக்கத்தில் இரு பக்கத்தாரும் தத்தமக்கு ஒருவராக இரண்டு மத்தியஸ்தர்களைத் தேர்ந்துகொண்டனர். அவ்விருவரும் ஒத்துப்போகாதபோது மட்டும் தீர்ப்புச் சொல்வதற்கு வெளியே ஒருவர் இருந்தார். 1891இல்தான் அவர் திடலுக்குள் வந்து முழு அதிகாரம் பெற்றார். மத்தியஸ்தர்கள் கோட்டோரக் காவலர் ஆயினர். மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் அதற்கு வெகுகாலம் பின்னர், 1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. கென் ஆஸ்டன் என்னும் ஆங்கில நடுவர் அவற்றை எண்ணியதற்குக் காரணம், 1966 உலகக் கோப்பையில் நடுவரின் மொழி ஆட்டக்காரருக்கு விளங்காமல் எழுந்த குழப்பமே. மொழி தெரியாத இடத்தில் நிறம் பேசட்டும் என்றார் அவர். நம் எல்லையோர ஊர்களில் அந்தக் குறை இல்லை. பிள்ளை தமிழ் பேசினால் தமிழில் சொல்லலாம். மலையாளம் பேசினால் மலையாளத்தில் சொல்லலாம். குனிந்து, அதன் கண்ணுக்கு நேரே நம் கண்ணை வைத்துச் சொல்லலாம். பேச வாய் இருக்கும்போது ஏழு வயதுக் குழந்தைக்கு அட்டை எதற்கு?

இங்கே நம் தருமத்தின் ஏடுகளிலிருந்து ஒன்று நினைவிற்கு வருகிறது. சங்கத்திற்கு விதிகளை முன்னதாகவே வகுத்துத் தந்துவிட வேண்டும் என்று சாரிபுத்தர் வேண்டியபோது, பகவான் அதற்கு உடன்படவில்லை. தவறு தோன்றும் காலத்தில் தக்க விதி வகுக்கப்படும் என்றார். பின்னர் ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு நிகழ்ச்சியை ஒட்டியே பிறந்தது. எந்தப் பிக்குவின் செயலால் ஒரு விதி பிறந்ததோ, அந்தப் பிக்கு அவ்விதியின்படி குற்றவாளி ஆகார் என்பது விநயத்தின் முறை. துறவு நிலையையே இழக்கச் செய்யும் முதற்பெருங்குற்றத்திற்குக் காரணமான சுதின்னரும்கூட, முதலில் செய்தவர் என்ற காரணத்தால் அவ்விதிக்கு உட்படவில்லை. அவர் செயல் கடிந்துரைக்கப்பட்டது. தண்டனை பின்வருவோருக்கே உரியதாயிற்று. அறியாத விதியால் ஒருவனைத் தண்டித்தல் முறையன்று என்னும் நுண்ணிய நீதி இதில் அடங்கியிருக்கிறது.

பெரியோர்க்கு விதி என்றோ பிறந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் விதி, அதற்கு அது சொல்லப்படும் நாளில்தான் பிறக்கிறது. முதல் முறை ஒரு காலைத் தூக்கி எறியும் பிள்ளை, தன் உலகில் இன்னும் இல்லாத விதியை மீறவில்லை. அப்போது நடுவர் செய்ய வேண்டியது தண்டிப்பதன்று, விதியைப் பிறப்பிப்பது. "இரண்டு காலும் மண்ணில் இருக்கட்டும், பந்து தலைக்குப் பின்னாலிருந்து வரட்டும், இன்னொரு முறை எறி பார்க்கலாம்." இவ்வளவே. இதற்கு அரை நிமிடமும் ஆகாது.

இதனைக் கேட்போர் இரண்டு தடைகள் எழுப்புவர். முதலாவது: "ஒரு பக்கத்துப் பிள்ளைக்கு மறுமுறை கொடுத்தால், மறுபக்கம் தனக்கு உரிய பந்தை இழக்கிறதே, அது அநீதியன்றோ?" நல்ல வினா. இதற்கு விடை, இரக்கமும் ஒரே அளவினதாய் இருத்தல் வேண்டும் என்பதே. ஆட்டம் தொடங்குமுன் இரு பக்கப் பிள்ளைகளையும் அருகழைத்து, "தெரியாமல் செய்தால் ஒருமுறை சொல்லித் தருவேன், அடுத்த முறை பந்து மறுபக்கத்திற்குப் போகும்" என்று அறிவித்துவிட்டால், அந்தத் தளர்வே எல்லார்க்கும் பொதுவான விதியாகிவிடுகிறது. பின்னர் ஊர்ப்பெரியவரின் பேரனுக்கும், வலை சுமப்பவரின் மகளுக்கும், தமிழ் பேசும் பிள்ளைக்கும், மலையாளம் பேசும் பிள்ளைக்கும் அதுவே அளவு. ஒருவனுக்கு மட்டும் காட்டும் இரக்கம் இரக்கமன்று; அது சலுகை. சலுகையின் கசப்பை நம் வாசகர்கள் நன்கு அறிவர்.

விதியின் கசப்பையும் அறிவர். இந்நெய்யாற்றின்கரைக்கு அண்மையில் ஊரூட்டம்பலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்து அங்குள்ள பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் திருவிதாங்கூர் அரசின் உத்தரவு இருந்தது. உத்தரவு இருந்தும், அச்சிறுமி பெஞ்சில் அமர்ந்ததைப் பொறாதவர் அப்பள்ளியைத் தீயிட்டனர். எழுதிய விதி நல்லதாயினும், அதனை நடத்தும் இடத்தில் நிற்பவரின் நெஞ்சு நல்லதாயில்லையெனில் குழந்தை வெளியேதான் நிற்க வேண்டும் என்பதற்கு அந்தச் சாம்பலே சான்று. திடலில் விசிலை ஏந்தி நிற்கும் ஒவ்வொருவரும் அவ்வாசலில் நிற்பவரே. யாரேனும் ஒரு பிள்ளை ஆட்டம் முழுவதும் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், அதை உள்ளே அனுப்புமாறு பயிற்சியாளரிடம் சொல்வதும் சிறார் ஆட்டத்து நடுவரின் கடமைகளுள் ஒன்றே.

இரண்டாவது தடை: "இப்படித் தளர்த்தினால் பிள்ளைகள் வலுவிழப்பர். நாளை பெரிய போட்டிக்குப் போக வேண்டியவர்கள் இன்றே கண்டிப்புக்குப் பழக வேண்டாமா?" இது பெற்றோரின் குரல், நாம் மதிக்க வேண்டிய குரல். ஆயினும் ஏழு வயதில் திடலை விட்டு ஓடிய பிள்ளை இருபது வயதில் எந்தக் கோப்பைக்கு ஆடும்? கண்டிப்பு வேண்டற்பாலதே, ஆனால் எதில் கண்டிப்பு, எதில் பொறுமை என்று பிரித்தறிவதே பொது அறிவு.

பொறுமைக்கு உரியவை எவை? த்ரோ எறிவதில் பிழை; பந்தை வைக்கும் இடத்தில் ஒரு முழம் பிழை; தன் முகத்தை நோக்கி வந்த பந்துக்கு அஞ்சிக் கைகளால் முகத்தை மூடிக்கொள்ளுதல்; ஆட்டத்தின் நடுவில் அவிழ்ந்த கயிற்றைக் கட்ட உட்கார்ந்துவிடுதல்; மகிழ்ச்சியில் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு ஓடுதல். இவற்றிற்கெல்லாம் சிரித்த முகமும் ஒரு சொல்லும் போதும். மிகச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தில் ஆப்சைடு என்னும் விதியே பல நாடுகளில் இல்லை. அதை இங்கே நாம் கொண்டுவந்து நுழைப்பது வீண் வேலை. ஒரு பக்கம் பல கோல் முந்திப் போய்விட்டால், தோற்கும் பக்கத்தில் ஓர் ஆளைக் கூட்டிவிடலாம். பதினோரு வயதை எட்டும் ஆண்டிற்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் வேண்டாம் என்று நார்வே நாட்டினர் விதித்திருக்கின்றனர். குழந்தைக்கு வெற்றி தோல்வி தெரியாது என்பது அதன் பொருளன்று. வீட்டுக்குப் போகும்போது அதை மறந்துவிட அதற்கு உரிமை உண்டு என்பதே பொருள். நம் நாட்டிலும் 2018இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 'கோல்டன் பேபி லீக்' என்ற பெயரில் சிறாருக்கெனத் தனி ஆட்டமுறையைத் தொடங்கியபோது, சிறு திடலும் சிறு அணியும் நிறைய ஆட்டமுமே அதன் அடிப்படையாயின.

கண்டிப்புக்கு உரியவை எவை? உடலுக்குத் தீங்கு விளைவிப்பன அனைத்தும். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் திடலை ஒருமுறை சுற்றி வர வேண்டும். கடற்கரை மணலில் உடைந்த கண்ணாடியும், சிப்பியும், அறுந்த வலையின் நைலான் கயிறும், தூண்டில் முள்ளும் கிடக்கும். தூக்கி நிறுத்தும் கோல் கம்பங்கள் மண்ணில் உறுதியாய் நடப்பட்டோ கட்டப்பட்டோ இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கட்டப்படாத கம்பம் சரிந்து குழந்தைகள் உயிரிழந்த நிகழ்ச்சிகள் உலகில் பல. பெரியோர் ஆடும் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடையுள்ளது. அதைச் சிறுவர்க்குக் கொடுத்தலாகாது. எட்டு வயதிற்குட்பட்டோருக்கு மூன்றாம் எண் பந்தும், அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்தும் ஏற்றவை. அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுதல் 2015இல் தடுக்கப்பட்டது. 2020இல் இங்கிலாந்திலும் தொடக்கப்பள்ளி வயதினர்க்குப் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்று மீண்டும் ஆடலாகாது. இதில் நடுவர் யாருடைய கெஞ்சலுக்கும் இளகக் கூடாது.

உள்ளத்திற்குத் தீங்கு விளைவிப்பனவும் அவ்வாறே. உதைத்தல், தள்ளுதல், துப்புதல் ஆகியவற்றோடு ஒருவனைச் சாதிப்பெயராலும், ஊர்ப்பெயராலும், மொழிப்பெயராலும் இழித்துரைத்தலையும் ஒரே வரிசையில் வைக்க வேண்டும். எல்லையின் இப்பக்கத்தார் அப்பக்கத்தாரைச் சொல்லும் இழிசொல் ஒன்றுண்டு. அப்பக்கத்தார் இப்பக்கத்தாரைச் சொல்வதும் ஒன்றுண்டு. பிள்ளை அச்சொல்லைத் திடலில் கற்கவில்லை, வீட்டில் கற்றது. ஆதலின் அப்பிள்ளையின் மேல் சினம் கொள்வதற்கில்லை. ஆனால் அந்தக் கணத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி, "இந்தத் திடலில் இந்தச் சொல் இல்லை" என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லி, சிறிது நேரம் அவனை வெளியே அமர்த்தி, மீண்டும் உள்ளே அழைக்க வேண்டும். மீண்டும் அழைத்தல் முக்கியம். வெளியே அனுப்பி மறந்துவிட்டால் அது தண்டனை. அனுப்பி அழைத்தால் அது கல்வி.

இனிப் பெரியோரைப் பற்றி ஒரு சொல். கோசம்பியில் பிக்குகளிடையே எழுந்த பூசல் எதனால் தொடங்கிற்று என்று நம் வாசகர்கள் அறிவர். கழிப்பிடப் பாத்திரத்தில் ஒருவர் சிறிது நீரை மிச்சம் வைத்துவிட்டார். அது குற்றமா அன்றா என்பதில் விநயம் கற்றவரும் தருமம் உரைப்பவரும் மாறுபட்டனர். அவர்தம் மாணாக்கர் சேர்ந்துகொண்டனர்; சங்கமே இரண்டாயிற்று. பகவான் சமாதானம் சொல்லியும் கேளாமையால், அவர் அவர்களை விட்டுக் காட்டுக்குச் சென்றுவிட்டார். தொடங்கியது ஒரு கைப்பிடி நீரில். முடிந்ததோ ஆசிரியரே அகன்றுவிட்டதில். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்காக இரண்டு ஊர்த் தந்தையர் கைகலக்கும்போது, நடுவே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்து நிற்கும் பிள்ளைகளின் நிலையும் இதுவே. அவர்களுக்காகத் தொடங்கிய ஆட்டத்திலிருந்து அவர்களே அகற்றப்பட்டுவிடுகிறார்கள்.

இத்தகைய வேளையில் நடுவர் பெரியோரோடு வாதிடப் புகுதல் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, பிள்ளைகளை நீர் குடிக்க அனுப்பிவிட்டு, அந்தந்தப் பக்கத்துப் பயிற்சியாளரிடம் மெல்லிய குரலில், "உங்கள் பக்கத்தாரை நீங்களே அமைதிப்படுத்துங்கள், அமைதி வந்ததும் தொடங்குவோம்" என்று சொல்லிக் காத்திருப்பதே நலம். கத்துபவரின் உள்ளத்திலுள்ள அச்சத்தை உணர்ந்தவருக்கு அவர்மேல் பகை எழாது. பகை எழாதவரின் சொல் எளிதில் உள்ளே செல்லும்.

அப்படியானால் நடுவர் தவறவே மாட்டாரா? தவறுவார், நாள்தோறும் தவறுவார். ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்குள் தன் தவற்றை உணர்ந்தால், தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று பந்தாட்ட விதிநூலே அனுமதிக்கிறது. பெரியோர் ஆட்டத்தில் இதைச் செய்ய நடுவர்கள் கூசுவர். அதிகாரம் குறைந்துவிடும் என்ற அச்சம். சிறார் ஆட்டத்திலோ இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. "நான் சரியாகப் பார்க்கவில்லை, என் பிழை, பந்து உங்களுடையது" என்று ஒரு பெரிய மனிதர் தம்மிடம் சொல்வதைக் கேட்ட குழந்தை, தவற்றை ஒப்புக்கொள்வது இழிவன்று என்பதை எந்த உபதேசமும் இன்றிக் கற்றுக்கொள்கிறது.

அம்பலட்டிகையில் பகவான் தம் மைந்தன் இராகுலனுக்கு உரைத்த அறிவுரை, சிறுவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கே ஓர் இலக்கணம். அவர் வெறும் கொள்கை கூறவில்லை. பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார்; அதைக் கொட்டிக் காட்டினார்; பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். கண்ணால் கண்டதைச் சிறுவன் மறவான். பின்னர், கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அது தனக்கோ பிறர்க்கோ தீங்காகுமா என்று பார்க்கக் கற்பித்தார். பொய்யுரை பற்றி இராகுலனுக்கு உரைத்த உபதேசத்தை அனைவரும் கேட்டுச் சிந்திக்க வேண்டும் என்று அசோக மன்னர் பைராத் கல்வெட்டில் பொறித்துவைத்தார். அந்த மூன்று பார்வையும் விசிலுக்கும் பொருந்தும். ஊதுமுன்: இது தீங்கைத் தடுக்குமா, அன்றி நம் அறிவைக் காட்டுமா? ஊதும்போது: குழந்தை நம் முகத்தில் சினத்தைக் காண்கிறதா? ஊதியபின்: அது ஏதேனும் கற்றதா, அன்றிக் கூசிப்போயிற்றா?

நம் தென்னைமரத்தடிச் சிறுவனிடம் இம்மூன்றையும் நாம் பார்க்கவில்லை. பாட்டியின் சொல்லைக் கேட்டபின் ஒருநாள் மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். முற்றத்தில் வலைகள் உலர்ந்துகொண்டிருந்தன. அவன் கதவின் பின்னால் நின்றான். "தம்பி, அன்றைக்கு நான் சொல்லித் தராமலே ஊதிவிட்டேன், என் பிழைதான்" என்றோம். அவன் பேசவில்லை. பந்தை உருட்டினோம், மெல்ல வெளியே வந்தான். முற்றத்து மண்ணில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, இரண்டு பாதங்களையும் அதற்குப் பின்னால் வைக்கச் சொன்னோம். இரண்டு முறை எறிந்தான். இரண்டாவது சரியாக வந்தது. ஒரு மாதம் நாம் சுமந்த மனச்சுமை இரண்டு நிமிடத்தில் செய்திருக்கக்கூடிய வேலை அது.

இரண்டு வாரம் கழித்து அவன் திடலுக்கு வந்தான். ஆட்டத்தின் நடுவில் பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று, அவனே எடுத்தான். தன் பாதங்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்; எறிந்தான். சரியான எறிதல். யாரும் கைதட்டவில்லை, அதில் கைதட்ட ஏதுமில்லை. விசிலை நாம் வாயருகில் கொண்டுபோகவே இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

சிறார் ஆட்டத்தில் நடுவரின் நீதி, எத்தனை குற்றங்களைக் கண்டுபிடித்தார் என்பதில் இல்லை. அடுத்த வாரமும் எத்தனை பிள்ளைகள் திடலுக்கு வருகிறார்கள் என்பதில் இருக்கிறது. விதி எல்லார்க்கும் ஒன்றாய் இருக்கட்டும். அதை அறிவதற்கு வேண்டிய பொறுமையும் எல்லார்க்கும் ஒன்றாய்க் கிடைக்கட்டும். முதல் நீதிபதியிடம் இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட குழந்தை, வளர்ந்தபின் தன் கைக்கு ஒரு விசில் வரும் நாளில், அதை எப்படி ஊத வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிராது.